மூன்று படிக் கல்லும் இராசையாவின் நாலு சுவரும்

ஊத்துமலைத் தோட்டத்தில் யாரும் சும்மா நடப்பதில்லை. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்கு நடப்பார்கள், கொழுந்து மலைக்கு நடப்பார்கள், சாவு வீட்டுக்கு நடப்பார்கள். ஹல்துமுல்லைக் கடைவீதிக்கு இறங்கிப் போய், அரிசியைத் தலையில் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஏறி நடப்பார்கள். கால் இருக்கிறது, பாதை இருக்கிறது, நடந்துவிட்டு வருவோம் என்று ஒருவர் புறப்பட்டால் அவருக்கு வீட்டில் ஏதோ சண்டை என்று அர்த்தம்.

நான் அப்படித்தான் புறப்பட்டேன். தோட்டத்து மருந்துக்காரரின் மகள் நான். தாதி வேலைக்கு இங்கிலாந்து போய், அந்த வேலையை விட்டுவிட்டு, பஸ்ஸும் ரயிலுமாகப் பல நாடுகளைச் சுற்றி 1979இல் வீடு வந்து சேர்ந்திருந்தேன். அம்மா எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தாள். அந்தப் பேச்சு காதில் விழாத தூரம் எதுவென்று தேடித் தேடி, தினமும் காலையில் டேங்கிப் பாதையில் ஏறுவேன். "ஊரெல்லாம் சுத்தினவளுக்கு இன்னும் கால் ஓயலயா?" என்று அம்மா பின்னாலிருந்து கேட்பாள்.

அது நல்ல பாதை. தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் தொடங்கும். முதலில் சின்ன டேங்கி வரும். பிறகு தேயிலைக்கு முன் கோப்பி பயிரிட்ட காலத்துப் பண்டகசாலையின் இடிந்த சுவர், அதன் பிறகு ஓடையைக் கடக்கும் கல்பாலம். கடைசியில், மலையின் தோளில், பெரிய டேங்கி. டேங்கி என்பது தோட்டத்து மக்கள் நீர்த்தேக்கத்துக்கு வைத்த பெயர். தொழிற்சாலைச் சக்கரத்தைத் தண்ணீரால் சுற்ற வைப்பதற்காக அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை ஓடையை மறித்துக் கட்டியவை அவை. பெரிய டேங்கியின் அணைமேல் நின்று தெற்கே பார்த்தால் மலை சட்டென்று முடிந்துபோகும். கீழே காடும் வயலும் கிடக்கும். வெயில் தெளிவாக இருந்தால் வெகு தொலைவில் உடவளவைத் தண்ணீர் ஒரு தகரத் துண்டுபோல மின்னும்.

அந்த அணையின் ஓரத்தில்தான் இராசையாவின் வீடு இருந்தது.

இராசையா டேங்கிக் காவல்காரர். காலையில் மதகைத் திறப்பார், மாலையில் மூடுவார், கம்பி வலையில் அடைக்கும் இலைகளை அள்ளிப் போடுவார். தொழிற்சாலைக்கு மின்சாரம் வந்து, தண்ணீரின் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. அதை யாரும் இராசையாவுக்குச் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாது என்று சொல்ல முடியாது. யாரும் சொல்லாததை அவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். தினமும் மதகைத் திறந்தார், மூடினார். தோட்டமும் சம்பளம் கொடுத்தது.

வேலையைவிட அந்த வீடுதான் அவருக்குப் பெரிது. ஓர் அறை, ஓர் அடுப்படி, மேலே தகரம். அவர் லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர். லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் ஒரு சுவர் இந்தப் பக்கத்து வீட்டோடு பங்கு, மறு சுவர் அந்தப் பக்கத்து வீட்டோடு பங்கு. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டிலிருந்து "நூறு வயசு" என்பார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு மற்றக் காம்பராக்காரர்கள் அங்கிருந்தபடியே தீர்ப்புச் சொல்வார்கள். இராசையா அதிலிருந்து தப்பி வந்தவர்.

"நாலு சுவரும் என்னோடது பாப்பா" என்பார் என்னிடம். அவருக்கு நான் எத்தனை வயதானாலும் டாக்டர் ஐயா வீட்டுப் பாப்பாதான். "ராத்திரி நான் கொறட்டை விட்டா அது எனக்கு மட்டுந்தான்."

"எனக்கும்" என்பாள் ராசம்மா. அவருடைய மனைவி. அவளுக்கு அந்த வீடு ஆகாது. கொழுந்து எடுத்துவிட்டு அத்தனை மேட்டையும் ஏறி வந்தால் ஊர்க்கதை சொல்ல ஒரு ஆள் இல்லை. "இந்த மனுசன் என்னையக் கொண்டாந்து தவளைக்கும் அட்டைக்கும் நடுவுல வச்சிருக்காரு. யாரோட சண்டை போடணும்னாலும் நான் மலை இறங்கணும்."

வீட்டுக்கும் அணைக்கும் நடுவில் ஒரு கல் இருந்தது. நன்றாகச் செதுக்கிய கருங்கல். மூன்று படிகள். படி ஏறி மேலே போனால் எதுவும் இல்லை. மறுபடியும் இறங்க வேண்டியதுதான். நான் முதல் நாளே அது என்னவென்று கேட்டேன். இராசையா சிரித்தார். டேங்கி கட்டிய துரை குள்ளம், அதோடு நல்ல பருமன். குதிரையில் வந்து டேங்கியைப் பார்ப்பார். இறங்குவது சுலபம், விழுந்தாலும் இறங்கியதாகிவிடும். திரும்பி ஏறுவதுதான் பாடு. அதற்காக வெட்டிப் போட்ட படி அது. இராசையாவின் அப்பா அந்தத் துரையின் குதிரைக்காரர். ஒரு கையால் குதிரையையும் மறு கையால் துரையின் பின்புறத்தையும் தாங்கிப் பிடித்தவர். கல்லின் வரலாறு இவ்வளவுதான்.

அரசாங்கம் தோட்டங்களை எடுத்த பிறகு நிர்வாகம் பார்க்க வந்த நம்மூர்த் துரைமார்களில் மூன்றாமவரோ நான்காமவரோ, இளம் வயதுக்காரர். அவர்தான் ஒரு நாள் பெரட்டில் நின்று, சுற்றாத சக்கரத்துக்கு எதற்குத் தண்ணீர், ஓடாத தண்ணீருக்கு எதற்குக் காவல் என்று கேட்டார். கேள்வியில் பிழை சொல்ல முடியாது. இராசையா மாத முடிவில் லயத்துக்கு இறங்க வேண்டும், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போக வேண்டும், வீட்டுத் தகரத்தைக் கழற்றி மாட்டுக் கொட்டிலுக்குப் போட வேண்டும் என்று உத்தரவானது.

அன்று மாலை நான் போனபோது ராசம்மா சட்டி பானைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள், முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. இராசையா மூன்று படிக் கல்லின்மேல் உட்கார்ந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் மஞ்சள் தூள் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்.

தகரம் கழற்றக் கடப்பாரைகளோடு ஆட்கள் வந்த காலையில் கல் மஞ்சள் பூசி நின்றது. நடுப்படியில் குங்குமம். மேல்படியில் விளக்கு. டேங்கி முனியப்பனின் விளக்கு அது என்றார் இராசையா. இந்த வீட்டு அடுப்பிலிருந்துதான் அதற்கு நெருப்பு எடுக்க வேண்டும், அது அப்பா காலத்திலிருந்து வரும் முறை என்றும் சொன்னார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதை முனி இருக்கிறார். கவ்வாத்துக் கத்திக்கு ஒரு சாமி இருக்கிறார். டேங்கிக்கு மட்டும் ஒருவர் இல்லாமல் போவாரா? இத்தனை காலம் அவரைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்றுதான் எல்லோருக்கும் கூச்சமாகப் போயிற்று. பாக்கியலெட்சுமி என்ற கிழவி, தன் தாயார் இதே கல்லுக்குக் கோழி அறுத்ததைக் கண்ணால் கண்டதாகச் சொன்னாள். கடப்பாரைகள் கல்லைக் கும்பிட்டுவிட்டு இறங்கின. அந்த வாரமே நெடுநாளாகச் சினைப்படாத ஒரு பசு சினைப்பட்டது. அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் பொங்கல்.

துரைக்குக் கோபம்தான். ஆனாலும் சாமி விஷயத்தில் கைவைத்து வேலைநிறுத்தத்தை வாங்கிக் கட்டிக்கொள்ள அவர் விரும்பவில்லை. வீட்டுக் கதை கொஞ்ச நாள் ஆறிக் கிடந்தது.

அப்போதுதான் தாஸிம் நானா வந்து சேர்ந்தார். பண்டாரவளையில் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி, ஒரு பழைய வேனும் வாங்கியிருந்தார். முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு எதைக் காட்டலாம் என்று மலைமலையாகத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு ஆங்கிலம் வரும் என்று கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். நான் அவரை டேங்கிப் பாதையில் கூட்டிப் போனேன். தண்ணீரையும் மலையையும் பார்த்து அவர் முகம் மலரவில்லை.

"இங்க பாருங்க புள்ள, மலையும் தண்ணியும் அவன்ட ஊர்லயும் ஈக்குது. அவனுக்குக் கதை ஒண்டு வேணும். கதை இல்லாட்டி அவன் போட்டோ புடிக்க மாட்டான்."

இராசையா கம்பி வலையில் இலை அள்ளிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "கதை இருக்குங்க மொதலாளி" என்றார்.

அடுத்த வாரம் அந்தக் கதையை நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். டேங்கி கட்டிய துரை உயரமானவர், மெலிந்தவர். அவருக்கு நிச்சயம் செய்த பெண் கப்பல் ஏறி வந்துகொண்டிருந்தாள். துரை தினமும் மாலையில் இந்த மூன்று படியிலும் ஏறி நின்று தெற்கே கடலைப் பார்ப்பார். கப்பல் வரவேயில்லை. துரையும் படியைவிட்டு இறங்கவேயில்லை. ஓர் ஒல்லாந்துக்காரப் பெண் படியில் ஏறி நின்று பார்த்துவிட்டு, கடல் தெரியவில்லையே என்றாள். அதை நான் தமிழில் கேட்டேன்.

"அழுத கண்ணுக்குத்தாங்க தெரியும்" என்றார் இராசையா.

அவள் அழுதாள். பிறகு கடல் தெரிகிறது என்றாள். அவளுடைய கணவன் ஒரு சுருள் பிலிம் முழுவதையும் கல்லுக்கே செலவழித்தான். மஞ்சளும் குங்குமமும் எதற்கு என்று கேட்டதற்கு, அந்தக் காதலுக்குத் தோட்டத்து மக்கள் செய்யும் மரியாதை என்று தாஸிம் நானா தானே விளக்கம் சொன்னார். கதையை ஆளுக்கொரு பக்கம் வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

வாரத்துக்கு ஒரு வேன், பிறகு மூன்று வேன். துரையின் பங்களாவுக்குச் சேதி போயிற்று. உல்லாசப் பயணிகள் என்ற சொல் அந்த வருடங்களில் அரசாங்கத்தின் வாயில் சர்க்கரைபோல இருந்தது. துரை கொழும்புக்கு எழுதிப்போட்டார். சரித்திர இடங்களைப் பார்வையிடும் அதிகாரி ஒருவர் வருவதாகப் பதில் வந்தது. துரை இராசையாவைக் கூப்பிட்டு நாற்காலியில் இருக்கச் சொன்னார். டேங்கிக் காவல்காரருக்கு அப்படி உபசாரம் நடந்தது அதுதான் முதல் தடவை. வருகிறவருக்கு வெள்ளைக்காரன் கதை செல்லாது, அதற்கும் முந்தியதாக ஏதாவது வேண்டும், இடம் சரித்திர இடமாகிவிட்டால் வீட்டை யாரும் தொடமாட்டார்கள், இராசையாவே அதற்குக் காவல்காரர் என்று துரை சொன்னார்.

இராசையா ஓர் இரவு யோசித்தார். வீடு காப்பாற்றப்பட வேண்டும், அதற்கு ஒரு ராஜா தேவை. ராஜாவைக் கொண்டுவந்தார்.

அதிகாரி வந்த நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்துபோனது. புதிய கான்வாஸ் சப்பாத்து, குடை, அட்டை ஏறாமலிருக்கக் கால் முழுவதும் பூசிய சவர்க்காரம். துரை முன்னால், அதிகாரி நடுவில், இராசையாவும் நானும் பின்னால். நான் மொழிபெயர்ப்புக்கு. அதிகாரி சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசினார், இராசையாவுக்கு இரண்டிலும் கும்பிடு மட்டும்தான் தெரியும்.

சின்ன டேங்கியருகில் யார் கட்டியது என்று அதிகாரி கேட்டார். வெள்ளைக்காரர் என்றதும் நிற்காமல் நடந்தார். கோப்பிப் பண்டகசாலையிலும் அப்படியே. கல்பாலத்தில் நின்றார். குனிந்து ஒரு பக்கம் முழுவதும் பார்த்தார். வெள்ளைக்காரன் கட்டியிருந்தால் வருடத்தை வெட்டி வைத்திருப்பான், இங்கே அப்படி எதுவும் இல்லை, ஆகவே இது பழையது என்றார். வருடம் மறுபக்கத்தில் வெட்டியிருந்தது. இராசையா அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்குகிறது என்றார். அந்தப் பாதையில் அரிசி மூட்டையோடு ஓடியே ஏறுகிற மனிதர்.

மேலே போனால் ஊரே அங்கே இருந்தது. கல்லுக்கு முன்னால் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது, பாக்கியலெட்சுமிக் கிழவி சாமியாடுவதற்கு ஆயத்தமாகத் தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். அந்தப் பக்கம் தாஸிம் நானா ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைப் படியில் ஏற்றிக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தார். அவரை அன்று வரவேண்டாம் என்று சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம்.

இராசையாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரே கல்லுக்கு மூன்று கதை. மூன்றையும் கேட்பவர்கள் ஒரே இடத்தில்.

அதிகாரி கல்லைச் சுற்றி வந்தார். அப்போது இராசையா ராஜாவின் கதையைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. எதிரிகளுக்குத் தப்பி ஒரு ராஜா இந்த மலைக்கு வந்து, இந்தக் கல்லில் அமர்ந்து நீதி சொன்னார். எந்த ராஜா என்று அதிகாரி கேட்டார். பெரிய ராஜா என்றார் இராசையா. அதிகாரி இரண்டு பெயர்களைச் சொன்னார். இராசையா நீளமான பெயருக்குத் தலையாட்டினார். அதற்குள் வெள்ளைக்காரப் பெண் இறங்கி வந்து, காதலுக்காகக் காத்திருந்த துரையைப் பற்றி அதிகாரியிடம் மனமுருகி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். கிழவி முனியப்பன் குரலில் ஒரு சுருட்டுக் கேட்டாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அதிகாரியின் கண் கலங்கியிருந்தது. அது கோபத்தால் அல்ல.

எல்லாம் பொருந்துகிறது என்றார் அவர். அரசர் அமர்ந்த ஆசனம், அதனால்தான் பாமர மக்கள் காரணம் மறந்தும் கும்பிடுகிறார்கள். அந்த மகிமை இழுத்ததால்தான் வெள்ளைக்காரனும் இங்கேயே வந்து நின்றான். மூன்று இனத்தாரும் தங்களை அறியாமல் ஒரே உண்மைக்குச் சாட்சி சொல்கிறார்கள். இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? துரை கைதட்டினார். தாஸிம் நானாவும் கைதட்டினார், எதற்கென்று பிறகு என்னிடம் கேட்டுக்கொண்டார். இராசையா நிம்மதியாக மூச்சுவிட்டு வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

அதிகாரியும் அப்போதுதான் வீட்டைப் பார்த்தார். அது என்ன என்று கேட்டார். காவல்காரரின் வீடு என்று சொன்னேன். இத்தகைய இடத்தின் எல்லைக்குள் குடியிருப்பு எதுவும் இருக்கக்கூடாது, உடனடியாக அகற்ற வேண்டும் என்றார்.

நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

இராசையா கல்லருகில் போய், தோளிலிருந்த துண்டை எடுத்து மேல்படியின் மஞ்சளை அழுத்தித் துடைத்தார். பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை வாயில் வைத்தார்கள்.

"சொல்லுங்க பாப்பா. இது குதிரை ஏறுற கல்லு. ராசாவும் இல்ல, காதலும் இல்ல, முனியும் இல்ல. குண்டுத் தொரையால குதிரையில ஏற ஏலாது. எங்கப்பாதான் குதிரையப் புடிச்சாரு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். இவ்வளவும் நான் கட்டுன பொய்யின்னு சொல்லுங்க."

ஒரு சொல் விடாமல் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். குதிரை என்ற இடத்தில் அவர் கை தானாக மேலெழுந்தது. முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"அதுதான் நான் இவ்வளவு நேரமும் யோசித்தது" என்றார் துரையைப் பார்த்து. "ஆசனம் என்றால் எதற்கு மூன்று படி? அரசர் தம் குதிரையில் ஏறிய கல் இது. இந்த மனிதன் சொல்வதில் அவனுக்கே தெரியாமல் உண்மை இருக்கிறது."

நான் அதையும் தமிழில் சொன்னேன். சொல்வதற்கு வேறு உண்மை எதுவும் இராசையாவிடம் மிச்சமில்லை.

முனியப்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இராசையா மஞ்சளைத் துடைத்த மாலையே நல்ல மழை பெய்தது. முனி கோபத்தில் பெய்த மழை என்று மறுவாரம் இரட்டிப்பாகப் பொங்கல் வைத்தார்கள்.

வீடு ஒரு காலைப் பொழுதில் தரைமட்டமானது. ராசம்மா முந்தின நாளே லயத்துக்குப் போய்விட்டாள். இரண்டு சுவருக்கும் சொந்தக்காரர்கள் இருபுறமும் கிடைத்ததில் அவளுக்கு வயது குறைந்தது. அடுத்த காம்பராக்காரியோடு அன்றைக்கே ஒரு சண்டையைத் தொடங்கி, அன்றைக்கே முடித்து, வெற்றிலை மாற்றிக்கொண்டதாகக் கேள்வி. இராசையாவின் குறட்டை பற்றி மூன்றாவது வீட்டிலிருந்து முறைப்பாடு வந்தது.

கல்லுக்குச் சுற்றிவரக் கம்பி வேலி போட்டார்கள். மூன்று மொழியிலும் ஒரு பலகை வந்தது. தமிழில் எழுத்துப் பிழை இருந்தது, ராஜாவின் பெயர் மட்டும் சரியாக இருந்தது. சரித்திர இடத்துக்குக் காவல் வேண்டும் என்று கொழும்பு சொன்னதால் இராசையாவையே மறுபடி மேலே அனுப்பினார்கள். வெயில் மழைக்கு அவர் நிற்பதற்கு ஒரு கூடு கட்டிக் கொடுத்தார்கள். மாட்டுக் கொட்டிலுக்குப் போக இருந்த தகரத்தில் நான்கைந்து அதற்கு ஒதுங்கின. ஓர் ஆள் நிற்கலாம். உட்கார்ந்தால் முழங்கால் வெளியே வரும்.

நான் மொனராகலைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் புறப்படுவதற்கு முன், சொல்லிவிட்டு வரலாம் என்று கடைசியாக டேங்கிப் பாதையில் ஏறினேன். மதகு திறந்திருந்தது. யாருக்கும் தேவைப்படாத தண்ணீர் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. கூட்டில் மூன்று பக்கம் தகரம். திறந்திருந்த நாலாவது பக்கத்தில் இராசையா ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். சாக்குக்குக் கீழே அவருடைய இரண்டு பாதங்களும் தெரிந்தன. என்னுடைய பாதங்கள் அவருக்கும் தெரிந்திருக்கும்.

"யாரது?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"நான்தான், இராசையா. டாக்டர் ஐயா மகள்."

உள்ளே துண்டை உதறிப் போடும் சத்தமும், எதையோ ஒதுக்கி வைக்கும் சத்தமும் கேட்டன. நான் காத்து நின்றேன்.

"வாங்க பாப்பா, உள்ள வாங்க" என்றார்.

உள்ளே இடமில்லை. நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாக்குக்கு வெளியிலேயே நின்று பேசிவிட்டு வந்தேன்.